மரத்துக் கால்

மீட்டர்காரரின் இடது கால் மரச்சாமான் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு. வலது கால் அப்படியேதான் இருந்தது. ஒரே மனிதரின் இரண்டு கால்கள் எப்படி இரண்டு துறைகளின் கீழ் வரும் என்று கேட்பவர்களுக்கு அந்த இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

வயதானவர்கள் துணையோடு வாழ்வதற்கான இல்லம் அது. நான்கு மாடி, ஐம்பத்தெட்டுப் பேர், எல்லா ஜன்னலும் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்து. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளை டப்பா உண்டு. டப்பாவில் ஒரு பொத்தான், பொத்தானுக்கு மேலே பொடிப்பொடியாக ஓட்டைகள். ஓட்டைகளுக்குப் பின்னால் இருந்து வரைபடம் கேட்டுக்கொண்டிருக்கும். வரைபடம் என்றால் சுவரில் மாட்டுகிற படம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘சொற்பொருள் அறிவு வரைபடம்’ என்பது அதன் முழுப்பெயர். உலகத்தில் உள்ள பொருள், உறுப்பு, நோய், மருந்து அத்தனையையும், எது எதன் வகை, எது எதன் பகுதி, எதற்கு யார் பொறுப்பு என்று கம்ப்யூட்டருக்குள் கோடு போட்டுக் கோத்து வைத்திருந்தார்கள். விரல் பாதத்தின் பகுதி, பாதம் காலின் பகுதி, கால் உடம்பின் பகுதி, உடம்பு குடியிருப்பவரின் பகுதி. குடியிருப்பவர் எதன் பகுதி என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதற்கு ஒரு குழு போட்டிருந்தார்கள்.

வரைபடம் வருவதற்கு முன்னால் நர்ஸ் வந்து, “என்ன செய்யுது?” என்று கேட்டு முகத்தைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் வகைப்படுத்தப்படாத தகவல் என்று கண்டுபிடிக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. பதிலாக, தினமும் காலை ஒன்பது மணிக்கு ஊழியர்கள் எல்லோரும் கீழ்க்கூடத்தில் பெரிய திரைக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். வரைபட அதிகாரி அன்றைக்குப் புதிதாகச் சேர்த்த வரிகளை வாசிப்பார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நாற்காலி ஒரு மரச்சாமான். கைத்தடி ஒரு துணைக்கருவி. மகள் ஒரு பார்வையாளர். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பு மூச்சுக் கோளாறுகளின் கீழ் வருவதால் ஒருமுறை சிரித்த சமையல்காரருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள்.

வரைபடத்துக்கு நம் மொழி தலைகீழ்ப் பாடம் என்று வரவேற்பறையில் இருந்த கையேடு சொன்னது. மொழி அதற்குத் தெரிந்ததுதான், ஆனால் அது வீட்டில் யாரும் பேசாத மொழியாக இருந்தது. வரைபடம் வந்த முதல் வாரத்திலேயே ஆறாம் அறையில் இருந்த தலைமையாசிரியை அம்மாள், பக்கத்து அறைக்காரிக்குப் பெரிய ஜன்னல் கிடைத்ததைப் பார்த்து, “எனக்கு வயிறு எரியுது” என்று சொல்லிவிட்டார். நான்கு நிமிடத்தில் தீயணைப்புக் கருவியோடு இரண்டு பேர் வந்து அவர் மடி நிறைய நுரையை அடித்துவிட்டுப் போனார்கள். அந்த நான்கு நிமிடத்தைப் பாராட்டி வரவேற்பறையில் படம் மாட்டினார்கள். தையல்காரர் ஒருவர் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது என்றார். மொத்தக் கட்டடத்தையும் காலி செய்து, இரண்டு மணி நேரம் எல்லோரையும் வெயிலில் நிற்க வைத்தார்கள். அதன் பிறகு தலைவலி ஐம்பத்தெட்டுப் பேருக்கும் இருந்தது.

இரண்டே மாதத்தில் எல்லோரும் பேசக் கற்றுக்கொண்டார்கள். புதன்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. வலி. முழங்கால். வலது. மிதம். இப்படித்தான் சொல்ல வேண்டும். பதினோராம் அறையில் இருந்த கணவனும் மனைவியும் சண்டையைக்கூட இந்த முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். கோபம். உங்கள் மேல். கடுமை. நாற்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு சுருக்கமாக அவர்கள் சண்டை போட்டதில்லை.

இந்த வகுப்பில் முதல் மாணவர் நம் மீட்டர்காரர். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். எண்ணைப் பார், எழுது, அடுத்த வீட்டுக்குப் போ. அவ்வளவுதான் வேலை. யாராவது மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று சண்டைக்கு வந்தால், மீட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார். அதனால் தலைமாட்டு டப்பாவின் மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. சர்க்கரை நோய்க்குப் பன்னிரண்டு வயது. ஒரே மகள், மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கிறாள். அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாடிப்படியில் அவர் இரண்டு தடவை வழுக்கி விழுந்த பிறகுதான் மனசே இல்லாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். அறிவு வரைபடத்தின் கவனிப்பில் உங்கள் தந்தை ஒரு கணமும் தனியாக இருக்க மாட்டார் என்று எழுதியிருந்த தாளில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எழுந்து காலைத் தரையில் ஊன்றினார். இடது காலில் தரை தட்டுப்படவில்லை. கிள்ளிப் பார்த்தார், தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் வகுப்பெல்லாம் மறந்துபோய், பொத்தானைக்கூடத் தொடாமல், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“அட, காலு மரத்துப் போச்சே.”

“பதிவு செய்யப்பட்டது. நன்றி” என்றது டப்பா.

நன்றி சொல்லிவிட்டதால் நர்ஸ் வருவார் என்று அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு நர்ஸும் வந்தார். சர்க்கரை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை நோயாளிக்குத் தினமும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும் என்பது விதி. வலது பாதத்தை விரல் விரலாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இந்தக் கால் என்று மீட்டர்காரர் இடது காலைக் காட்டினார். நர்ஸ் கையில் இருந்த பலகைக் கம்ப்யூட்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதில் இருந்த மனித உருவத்துக்கு இடது தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நர்ஸ் நல்ல மனுஷி, அதைச் சொல்லியாக வேண்டும். கால் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பட்டியலில் இல்லாததைத் தொட்டால் வகைமீறல். இரண்டு வகைமீறல் ஆனால் வேலை போய்விடும். அவர் பேரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஒன்பதாம் அறைத் தாத்தா அழுதபோது அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டார். கையைப் பிடித்துக்கொள்வது அவருடைய பதவிக்கு உரிய சேவைகளில் வரவில்லை. அதனால் மேலே சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். சொல்லவும் செய்தார். மேலே என்பதும் ஒரு வெள்ளை டப்பாதான்.

புதன்கிழமை சாமான் கிடங்கிலிருந்து ஒரு குமாஸ்தா வந்து மீட்டர்காரரின் முழங்காலுக்குக் கீழே ஒரு வில்லையை ஒட்டிவிட்டுப் போனார். மர, இடது, 841 என்று அதில் போட்டிருந்தது. வியாழக்கிழமை முதல் தரை துடைக்கும் பெண் மற்ற சாமான்களோடு அந்தக் காலையும் உலர்ந்த துணியால் தூசி தட்டினாள். கொஞ்சம் நகருங்கள், சாமானைத் துடைக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னாள். அவரும் நகர்ந்துகொடுத்தார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இருந்ததுதான். இன்னொன்று எங்கே என்று கேட்டுக்கொண்டே குனிந்து பாதத்தைத் தொட்டாள். பாதம் சில்லென்று இருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் நீலம் பாரித்திருந்தன. மருந்துக் கடையில் பதினான்கு வருடம் நின்றவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உணர்ச்சி இல்லை, சூடு இல்லை, நிறம் மாறுகிறது. காலுக்கு ரத்தம் போகவில்லை. இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அடைப்பை எடுத்துவிடலாம். நாள் தள்ளினால் காலையே எடுக்க வேண்டி வரும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொத்தானை அழுத்தி அப்பாவுக்கு உடனே டாக்டர் வேண்டும், காலைப் பாருங்கள் என்றாள்.

“மரச்சாமான் குறித்துப் பார்வையாளர் புகார் அளித்துள்ளார். நன்றி” என்றது டப்பா.

இல்லத்தின் சீட்டு இல்லாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட மாட்டோம் என்று வரவேற்பறையில் சொன்னதால், திங்கள்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு வரைபட அதிகாரியின் அறை வாசலில் கால் கடுக்க நின்றாள். அதிகாரி மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்று, டீ வரவழைத்து, திரையைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு. அதில் ஒரு மூலையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, அவள் அப்பாவின் கால் இருந்தது.

“உங்க அப்பா சொன்ன வாக்கியத்தை நாலு தடவை ஆராய்ஞ்சோம் மேடம். ‘மரத்து’ங்கறது மரம்ங்கற சொல்லோட வேற்றுமை வடிவம். மரத்துக் கிளை, மரத்து நிழல், மரத்துக் கால். இலக்கணப்படி ஒரு தப்பும் இல்ல.”

“சார், மரத்துப் போச்சுன்னா உணர்ச்சி இல்லைன்னு அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“சின்னக் குழந்தைங்களை நாங்க ஆதாரமா எடுத்துக்கறதில்ல மேடம்.”

அப்புறம் அவர் கால் என்ற சொல்லுக்கு வந்தார். வரைபடத்தில் அதற்குப் பதினோரு பொருள் இருக்கிறதாம். நாலில் ஒரு பங்கு கால். காற்றுக்கும் கால் என்று பெயர். பந்தலுக்குக் கால் உண்டு, மேஜைக்குக் கால் உண்டு. அவள் மனுஷக் கால், மனுஷக் கால் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் பொறுமையாகத் தலையசைத்தார்.

“இந்தக் கட்டடத்துல மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாம் சேர்த்து மரக்கால் எண்ணூத்தி நாப்பது. மனுஷக் கால் நூத்திப் பதினாறுதான். புதுசா ஒரு கால் வந்து நின்னா அது எந்தப் பக்கம் சேரும்னு நீங்களே சொல்லுங்க.”

ஒரு நிமிடம் மாடிக்கு வந்து கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடத்தில் அவர் ஓர் அறைக்குள்ளும் போனதில்லை. அதைப் பெருமையாகவே சொன்னார்.

“நான் பார்த்தா அது என்னோட தனிப்பட்ட கருத்தாயிடும் மேடம்.”

ஆனாலும் வழி இல்லாமல் இல்லை. ஒரு பொருளை மரச்சாமான் வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமானால் அது மரச்சாமான் இல்லை என்று யாராவது சான்று தர வேண்டும். டாக்டர் தர முடியாது. டாக்டருக்கு உறுப்புகளின் மேல் மட்டும்தான் அதிகாரம், இது இப்போது உறுப்பு இல்லை. அதற்கு உரியவர் தச்சர். தச்சருக்குச் சொல்லி அனுப்புவதாகவும், அவர் புதன்கிழமை வருவார் என்றும் சொல்லி, அதிகாரி அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினார். டீ நன்றாகத்தான் இருந்தது.

தச்சர் புதன்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். இழைப்புளி, அளவு நாடா, உப்புத்தாள் எல்லாம் பையில் இருந்தன. தரையில் உட்கார்ந்தவர் பழக்க தோஷத்தில் மீட்டர்காரரின் முழங்காலுக்குக் கீழே விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். உடனே வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை ஏந்திக்கொண்டார். அந்த இல்லத்தில் எட்டு நாளில் அந்தக் காலைக் காலாக நினைத்துத் தொட்ட முதல் ஊழியர் அவர்தான்.

“இது மரமில்லம்மா. ரத்தம் ஓடாத காலு. என் மாமனாருக்கு இப்படித்தான் ஆச்சு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க.”

இதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றாள் மகள். எழுத இடம் இல்லை. அவர் கையில் கொடுத்திருந்த பலகைக் கம்ப்யூட்டரின் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ஆட்டம். விரிசல். கரையான். மரமில்லை என்று ஒரு கட்டம் கிடையாது, தச்சரை வைத்துப் படிவம் தயாரித்தவர்களுக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. எதையாவது தொடாமல் படிவம் மூடவும் மாட்டேன் என்றது. தச்சர் யோசித்தார். ஆட்டம் என்றால் முப்பது நாளில் வருவார்கள், விரிசல் என்றால் பதினைந்து நாளில். கரையான் சிவப்பு எழுத்தில் இருந்தது, பக்கத்திலேயே ‘உடனடி நடவடிக்கை’ என்று போட்டிருந்தது. உடனடியாக யாராவது வந்தால் போதும், வந்தவர்களிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நல்ல மனிதர் கரையானைத் தொட்டுவிட்டார்.

நடவடிக்கை உண்மையிலேயே உடனடியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் முகமூடி போட்ட இரண்டு பேர் மருந்துப் பீப்பாயோடு வந்தார்கள். தச்சர் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை, முகமூடிக்குள் காதும் சேர்ந்தே மூடியிருந்தது. கரையான் பிடித்த சாமானை மற்ற சாமான்களோடு வைக்கக் கூடாது, கீழ்த்தளக் கிடங்கில் ஏழு நாள் தனியாக வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. கால் கழற்றக்கூடியதாக இல்லாததால் அதோடு சேர்ந்திருந்த மீட்டர்காரரும் கிடங்குக்குப் போனார். கட்டில் மரம் என்பதால் அதை விடவில்லை. ஓர் இரும்பு நாற்காலி போட்டார்கள்.

கிடங்கில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீதி உடம்பு குடியிருப்பவராகவே இருந்ததால் மூன்று வேளைச் சாப்பாடும் நேரத்துக்கு வந்தது. காலை எட்டு மணிக்கு நர்ஸ் இறங்கிவந்து, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, வலது பாதத்தை விரல் விரலாகப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார்.

வியாழக்கிழமை மகள் சீட்டுக்குக் காத்திராமல் தானே ஆம்புலன்ஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கேட்டில் காவலாளி தன் கைக்கருவியைப் பார்த்தார்.

“உங்க அப்பாவைத் தாராளமா கூட்டிட்டுப் போகலாம் மேடம். அது அவரோட உரிமை, யாரும் தடுக்க முடியாது. காலை மட்டும் விட்டுட்டுப் போகணும்.”

அவள் காவலாளியையே பார்த்தாள். கரையான் சாமானை வெளியே விட்டால் என் வேலை போய்விடும், எனக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்றார் அவர். அவள் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிப் பார்த்தாள். வில்லைக்குள் ஏதோ மின்னணுச் சில்லு வைத்திருந்தார்கள், அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் குறுக்குக் கம்பி தானாக இறங்கிவிட்டது. வில்லையை உரிக்கப் பார்த்தாள். தோலும் கூடவே வந்தது. அவருக்கு வலிக்கவில்லை, அவள்தான் கையை எடுத்துவிட்டாள். போலீஸுக்குப் போன் செய்தாள். யாருடைய சாமானை யார் வெளியே எடுத்துப் போகிறார்கள் என்று அங்கே கேட்டார்கள். நாற்பது நிமிடம் நின்ற ஆம்புலன்ஸ் வேறு அழைப்பு வந்து கிளம்பிவிட்டது.

கிடங்குக்குத் திரும்பியதும் மீட்டர்காரர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் மகளைப் பார்க்காமல் சொன்னார்.

“ஒரு அம்மா, மூணு மாசமா வீடு பூட்டிக் கிடக்கு, மீட்டர் மட்டும் எப்படி ஓடும்னு அழுதாங்க. உள்ள வந்து பாருங்கன்னாங்க. நான் பார்க்கலம்மா.”

வெள்ளிக்கிழமை அவசரக் குழு கூடியது. ஏழு பேர், ஏழு தண்ணீர் பாட்டில். மகளைப் பார்வையாளர் என்ற வகையில் சுவரோரமாக நிற்க அனுமதித்தார்கள். இல்லத் தலைவர் பேசினார். நல்ல கம்பீரமான குரல்.

“ஒரு குடும்பத்தோட கண்ணீர் நமக்கு ரொம்ப முக்கியம். அதனாலதான் கண்ணீரைத் திரவங்கள் வரிசையில சேர்த்திருக்கோம். இந்த அம்மா நம்ம வரைபடம் தப்புன்னு சொல்றாங்க. சொல்லட்டும். ஆனா ஒரு காலுக்காக ஒரு கோட்டை மாத்தினா நாளைக்கு ஒவ்வொருத்தரும் என் கை, என் கண்ணுன்னு வருவாங்க. அப்புறம் இது இல்லமா இருக்காது, ஆஸ்பத்திரியாயிடும்.”

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். மரத்துப்போதல் என்ற சொல்லை அடுத்த பதிப்பில் சேர்ப்பது பற்றி ஆறு மாதத்தில் ஆராய்வது. அதுவரை மனிதாபிமான அடிப்படையில் அந்தச் சாமானுக்கு நாற்பத்தெட்டு மணி நேரத் தற்காலிக உறுப்புச் சான்றிதழ் கொடுப்பது. கையெழுத்துப் போட வேண்டியவர் சனி, ஞாயிறு வரமாட்டார் என்பதால் சான்றிதழ் திங்கள்கிழமை கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் காலை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. விரலில் தொடங்கிய கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் மகளைத்தான் திட்டினார். போன வாரம் வந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். அந்த ஆஸ்பத்திரி இன்னும் பழைய மாதிரிதான் இருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி வாளியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒற்றைக் காலோடு மூன்று மாடி ஏற முடியாது. மகள் வேறு இல்லம் தேடி ஊரெல்லாம் அலைந்தாள். பார்த்த இடத்தில் எல்லாம் கட்டில் தலைமாட்டில் வெள்ளை டப்பா இருந்தது. இங்கே வெற்றிகரமாக நடப்பதைக் கேள்விப்பட்டு எல்லோரும் வாங்கி மாட்டியிருந்தார்கள். அதனால் நான்கு மாதம் கழித்து மீட்டர்காரர் பழைய அறைக்கே வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் கேட்டால் இரண்டு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். இல்லத்தின் மரச்சாமான் பிரிவு ஒரே வாரத்தில் செய்து கொடுத்துவிட்டது. தச்சர்தான் செய்தார், தேய்த்துத் தேய்த்து, தன் சொந்தக் காலுக்குச் செய்வது போலச் செய்தார். குமாஸ்தா வந்து அதன் மேல் 841 என்ற வில்லையை ஒட்டினார். பதிவேட்டில் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதமே கீழ்க்கூடத்தில் விழா வைத்தார்கள். வரைபடத்துக்கு முன்னறிதல் திறனுக்கான விருது கிடைத்திருந்தது. மீட்டர்காரரை மேடையில் உட்காரவைத்து, படம் எடுப்பவர்கள் கேட்டபோதெல்லாம் பேன்ட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அவரும் காட்டினார். இல்லத் தலைவர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பேசினார்.

“நாலரை மாசத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில நம்ம வரைபடம் சொல்லிச்சு, இது மரக்கால்னு. குடும்பம் நம்பல. நம்ம தச்சரே நம்பல. டாக்டருங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுதான் புரிஞ்சுது. இன்னைக்கு நீங்களே பாருங்க. வரைபடம் தப்பே பண்ணல. உண்மைதான் கொஞ்சம் தாமதமா வந்து சேர்ந்துச்சு.”

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. தச்சர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கு அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

விழா முடிந்து மகள் அவரை அறைக்குக் கூட்டிவந்தாள். மரக்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகமெல்லாம் வியர்த்தது. இடது கால் பெருவிரலில் ஊசியைச் செருகிச் சுழற்றுவது போல வலித்தது. இருந்தவரை மரத்துக் கிடந்த கால், போன பிறகுதான் வலிக்க ஆரம்பித்திருந்தது. வெட்டி எடுத்த கால் இப்படி வலிக்கும் என்று டாக்டர் அம்மாள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், மாத்திரையும் உண்டு என்றிருந்தார். மாத்திரையை வரைபடம் சொன்னால்தான் நர்ஸ் தர முடியும். மீட்டர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தி, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்.

“வலி. கால் பெருவிரல். இடது. கடுமை.”

“இடது கால் மரச்சாமான். மரச்சாமானுக்கு வலி இல்லை. நன்றி.”

இன்னொரு தடவை சொன்னார். அதே பதில் வந்தது. மூன்றாவது தடவை அவரால் முறையாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

“தாங்க முடியலம்மா, உசிரு...”

மகள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். உசிரு போகுது என்று ஒரே ஒரு தடவை அந்த டப்பா கேட்டுவிட்டால் என்ன எழுதிக்கொள்ளும், அடுத்த நான்கு நிமிடத்தில் இந்த அறைக்கு யாரை அனுப்பும், அதை மாற்ற எத்தனை வாரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கையால் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை எடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரும் புரிந்துகொண்டார். மீதி வார்த்தையை அவள் உள்ளங்கைக்குள் சொன்னார். மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

“சரியாகக் கேட்கவில்லை. தெளிவாகச் சொல்லவும்” என்றது டப்பா.

அவள் கையை எடுக்கவில்லை.